எழுத்தைப் புரட்டிய மனிதர்: ஆபிரகாம் அபுலாஃபியா – ஒரு நிகழ்வு ஆய்வு

எல்லாம் முடிந்ததும் எழுந்து கொஞ்சம் சாப்பிடு, கொஞ்சம் குடி, இல்லையென்றால் நல்ல வாசனை எதையாவது முகர்ந்துகொள். உன் ஆவியை அதன் உறைக்குள் திரும்பப் போட்டு வை, அடுத்த வேளை வரும் வரை. 1280ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஓர் எபிரேய நூலில், பரவச நிலையை அடைவதற்கான ஒரு பயிற்சிக் குறிப்பு ஏறக்குறைய இந்தச் சொற்களோடு முடிகிறது.

இந்த இடத்தைப் படித்த நாளிலிருந்து அது என்னோடு இருக்கிறது. பரவசத்தின் உச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் இறங்கி வரும் படியையும் சேர்த்து எழுதியிருக்கிறார். மாணவன் உயிரோடும் தெளிவோடும் வீடு திரும்ப வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

எழுதியவர் ஆபிரகாம் பென் சாமுவேல் அபுலாஃபியா. 13ஆம் நூற்றாண்டு ஸ்பானிய யூதர், யூத மறைஞானமான கபாலா மரபின் ஒரு தனிக் கிளையையே தொடங்கி வைத்தவர். போப்பின் ஆணைப்படி எரிக்கப்பட இருந்து தப்பியதாகத் தானே எழுதியவர். சொந்தச் சமூகத்தின் தலைவர்களால் துரத்தப்பட்டு ஒரு பாறைத் தீவில் ஒதுங்கியவர். அவர் என்ன செய்யச் சொன்னார், செய்து பார்த்தவருக்கு என்ன நேர்ந்தது, பிறகு ஏன் அவர் துரத்தப்பட்டார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பரவசத்தைத் தேடியதற்காக அவர் துரத்தப்படவில்லை என்பது என் முடிவு. அதை நோக்கித்தான் போகிறேன்.

5000ஆம் ஆண்டுப் பிள்ளை

அபுலாஃபியா 1240இல் அரகோன் நாட்டின் ஸரகோஸா நகரில் பிறந்தார். யூத நாட்காட்டியில் அது 5000ஆம் ஆண்டு. ஐந்து ஆயிரம் முடிந்து ஆறாவது தொடங்கும் அந்தக் கட்டத்தில் மெசியா என்ற மீட்பர் வந்துவிடுவார் என்று பலர் காத்திருந்தார்கள். தான் பிறந்த ஆண்டின் கனத்தை அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நவார் நாட்டின் துதேலா ஊருக்குப் போனது. வேதம், அதன் உரைகள், யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, அதைப் பற்றிய விவாதங்களின் தொகுப்பான தால்மூதில் கொஞ்சம் எல்லாம் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். 18 வயதில் அப்பா இறந்தார்.

20 வயதில் கிழக்கே புறப்பட்டார். தேடிப் போனது சம்பாத்தியோன் நதியை. வாரத்தில் ஆறு நாள் கல்லையும் மணலையும் வாரி அடித்துக்கொண்டு ஓடும், ஓய்வுநாளில் மட்டும் அடங்கிக் கிடக்கும், அதற்கு அப்பால் காணாமல் போன பத்துக் கோத்திரங்கள் வாழ்கின்றன என்று மரபு சொல்லும் நதி அது. ஆக்ரே துறைமுகம் வரைதான் போக முடிந்தது. அது 1260. மங்கோலியரும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளும் மோதிக்கொண்டிருந்த நேரம். அந்தச் செப்டம்பரில்தான் அய்ன் ஜாலூத் போர் நடந்தது. வழி அடைபட்டதால் திரும்பினார். கிரேக்க நாட்டில் திருமணம் செய்துகொண்டு இத்தாலிக்கு வந்தார்.

இத்தாலியில் கபுவா நகரில் வெரோனாவின் ஹில்லெல் என்ற ஆசிரியரிடம், 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவவாதி மைமோனிடெஸின் ‘திகைத்தோர்க்கு வழிகாட்டி’யைப் பாடம் கேட்டார். இதுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று நினைக்கிறேன். பலர் அவரைத் தத்துவத்தை உதறிவிட்டு மறைஞானத்துக்கு வந்தவராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடந்தது வேறு. ‘வழிகாட்டி’க்கு அவர் மூன்று உரைகள் எழுதினார். கடைசி வரை அதை விடவே இல்லை.

ஏனென்றால் அந்த நூலில் தீர்க்கதரிசனத்துக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. கடவுளிடமிருந்து, மனித அறிவைத் தூண்டி இயக்கும் வானுலக அறிவான செயலறிவு என்ற ஊடகத்தின் வழியாகப் பொங்கி வழியும் ஒரு பெருக்கு, முதலில் மனிதனின் பகுத்தறிவின் மேலும் அப்புறம் அவனது கற்பனை ஆற்றலின் மேலும் இறங்குவதே தீர்க்கதரிசனம் என்கிறார் மைமோனிடெஸ். மற்றவர்கள் இதை மோசே, எசாயா போன்ற பழைய ஆட்களுக்கான விளக்கமாகப் படித்தார்கள். அபுலாஃபியா அதைச் செய்முறையாகப் படித்தார். பெருக்கு ஒருபோதும் நிற்பதில்லை என்றால், இன்றைக்கும் அது இறங்கத்தானே வேண்டும்? அதை வாங்கிக்கொள்ளும் பாத்திரத்தை எப்படித் தயார் செய்வது? ‘வழிகாட்டி’ பதில் சொல்லாமல் விட்ட இந்தக் கேள்விக்குத்தான் அவர் பதில் தேடினார்.

பதில் பார்சலோனாவில் கிடைத்தது. 1270 வாக்கில் ஸ்பெயினுக்குத் திரும்பியவர் அங்கே பாரூக் தோகர்மி என்பவரிடம் ‘ஸெஃபெர் யெட்ஸிரா’வைப் படிக்கத் தொடங்கினார். ‘உருவாக்கத்தின் நூல்’ என்று அதற்குப் பொருள். கையடக்கமான பழைய நூல். உலகம் 22 எபிரேய எழுத்துகளால் ஆக்கப்பட்டது என்கிறது அது. அந்த நூலுக்கு மட்டும் பன்னிரண்டு உரைகளைப் படித்தார். 31 வயதில் முதல் காட்சிகள் வந்தன.

அவை சுகமாக வரவில்லை. தான் கண்டது எது, தன்னைக் குழப்பியது எது என்று பிரித்தறிய முடியாமல் பதினைந்து ஆண்டுகள் சாத்தான் தன் வலப்பக்கத்திலேயே நின்றான் என்று பின்னாளில் அவரே எழுதினார். இந்த ஒப்புதல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னை விற்க வந்த ஆள் இப்படி எழுத மாட்டார்.

எழுத்தை வைத்து என்ன செய்தார்?

சரி, முறைக்கு வருவோம். எபிரேயத்தில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதுவார்கள்; உயிரொலி படிப்பவரின் வாயில் இருக்கிறது. ஒரே மூன்று எழுத்துகளை வரிசை மாற்றினால் வேறு சொல் வந்துவிடும். ‘ஸெஃபெர் யெட்ஸிரா’ தரும் எடுத்துக்காட்டே அழகானது: அயின், நூன், கிமெல் என்ற எழுத்துகளை ஒரு வரிசையில் வைத்தால் ‘ஓனெக்’, அதாவது இன்பம். அதே மூன்றை மாற்றி வைத்தால் ‘நெகா’, கொள்ளைநோய். இன்பத்துக்கு மேல் நன்மை இல்லை, நெகாவுக்குக் கீழ் தீமை இல்லை என்கிறது நூல். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

அதே நூலில் ஒரு கணக்கும் உண்டு. எழுத்துகளைக் கற்கள் என்றும் சொற்களை வீடுகள் என்றும் சொல்லும் அது. 2 கற்கள் 2 வீடுகளைக் கட்டும், 3 கற்கள் 6, 4 கற்கள் 24, 5 கற்கள் 120, 6 கற்கள் 720, 7 கற்கள் 5,040. அதற்கு மேல் வாய் சொல்ல முடியாததையும் காது கேட்க முடியாததையும் நீயே எண்ணிப் பார் என்று விட்டுவிடுகிறது. 22 எழுத்துகளை இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 231 இணைகள். அவற்றுக்கு 231 வாயில்கள் என்று பெயர்.

இதோடு ஒவ்வொரு எழுத்துக்கும் எண் மதிப்பு இருக்கிறது. ஆபிரகாம் என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 248. ரஸியேல் என்ற வானதூதர் பெயருக்கும் 248. செகரியா என்ற தீர்க்கதரிசியின் பெயரை நீட்டி எழுதினாலும் 248. அதனால்தான் அபுலாஃபியா தன் நூல்களில் ரஸியேல் என்றும் செகரியா என்றும் தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டார். ‘எலோஹிம்’ என்ற கடவுளின் பெயருக்கு 86. ‘இயற்கை’ என்ற எபிரேயச் சொல்லுக்கும் 86. தத்துவவாதி இயற்கை என்பதும் வேதம் கடவுள் என்பதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதற்கு அவர் வட்டாரத்தில் இது ஒரு சான்று.

இதெல்லாம் விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் அபுலாஃபியா இந்தக் கணக்குகளை ஒரு பயிற்சியாக மாற்றினார். மூன்று படிகள் அதற்கு. முதலில் வாயால் சொல்லி எழுத்துகளைச் சேர்ப்பது, பிறகு கையால் எழுதிச் சேர்ப்பது, கடைசியில் மனத்துக்குள்ளேயே சேர்ப்பது. ஒரு சேர்க்கையிலிருந்து இன்னொன்றுக்கு மனம் தாவுவதற்கும் தனிப் பெயர் உண்டு, ‘திலூக்’. தாண்டுதல் என்று பொருள்.

ஏற்பாடுகளை மிகத் துல்லியமாகச் சொல்கிறார். உன் குரல் யாருக்கும் கேட்காத ஒரு வீட்டில் தனியாக இரு. வெள்ளை உடை உடுத்து. தொழுகைச் சால்வையைப் போர்த்து. வேத வாசகம் அடங்கிய தோல்பெட்டிகளான தெஃபிலினைத் தலையிலும் கையிலும் கட்டிக்கொள். இரவாக இருந்தால் நிறைய விளக்குகளை ஏற்று, அறை நன்றாக வெளிச்சமாகட்டும். அப்புறம் மை, எழுதுகோல், பலகை. எழுத்துகளைச் சேர்க்கத் தொடங்கு. கொஞ்சம் எழுத்தில் தொடங்கி நிறைய எழுத்துகளுக்குப் போ, வேகமாகப் புரட்டு, உன் நெஞ்சு சூடாகும் வரை.

1280களில் மெஸினாவில் எழுதிய இன்னொரு கையேடு மூச்சையும் தலையையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. கடவுளின் நான்கு எழுத்துப் பெயரில் ஓர் எழுத்தை எடுத்து ‘ஆலெஃப்’ என்ற எழுத்தோடு இணைக்க வேண்டும். இரண்டுக்கும் ஐந்து உயிரொலிகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஐந்தைந்து 25; வரிசையைத் திருப்பினால் இன்னொரு 25. ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒரு தலையசைவு: ‘ஓ’ என்றால் தலை மெல்ல மேலே போகும், ‘ஈ’ என்றால் கீழே இறங்கும், மற்றவற்றுக்குப் பக்கவாட்டிலும் முன்னாலும். ஒரு மூச்சில் எவ்வளவு ஒலி, இடையில் எத்தனை மூச்சு என்பதற்கும் அளவு உண்டு.

இதில் துணிச்சல் எங்கே இருக்கிறது என்று யூதரல்லாத வாசகருக்கு உடனே புரியாது. அந்த நான்கு எழுத்துப் பெயரை யூதர்கள் உச்சரிப்பதே இல்லை. ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பாவநிவாரண நாளில் தலைமைக் குரு சொல்வார். கி.பி. 70இல் ஆலயம் அழிந்தது, உச்சரிப்பும் போயிற்று. அபுலாஃபியா அந்தப் பெயரைத் துண்டு துண்டாக, ஒரு தனி மனிதனின் அறைக்குள், அவன் மூச்சில் ஏற்றி வைக்கிறார். ஆலயம் இல்லை, குரு இல்லை, பலி இல்லை. ஒரு வீடும் விளக்கும் மையும் போதும்.

இதனால் மனத்துக்கு என்ன ஆகிறது? நம் ஆன்மா முடிச்சுகளால் கட்டப்பட்டிருக்கிறது, அந்த முடிச்சுகளை அவிழ்ப்பதே வேலை என்கிறார் அபுலாஃபியா. நாம் எப்போதும் ஏதோ ஒரு பொருளை நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லைக் கேட்டவுடன் மனம் பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. எழுத்துகளைப் புரட்டும்போது சொல் சொல்லாக நிற்பதில்லை. பொருள் கிடைப்பதற்குள் அடுத்த சேர்க்கை வந்துவிடுகிறது. மனம் முழு வேகத்தில் வேலை செய்கிறது, ஆனால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவரே இதை இசையோடு ஒப்பிட்டிருக்கிறார்: வெவ்வேறு தந்திகளின் ஒலிகள் சேர்ந்து காதின் வழியே நெஞ்சைத் தொடுவது போல எழுத்துகளின் சேர்க்கையும் தொடுகிறது என்று.

20ஆம் நூற்றாண்டில் அபுலாஃபியாவை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கபாலா ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம், மூச்சையும் உடல் நிலையையும் பார்த்துவிட்டு, இது யோகத்தின் யூத வடிவம் என்று எழுதினார். நம் வாசகர்களுக்கு அந்த ஒப்புமை உடனே பிடித்துப்போகும். நான் கொஞ்சம் தயங்குகிறேன். நாம் அறிந்த தியான முறைகள் பல, மனத்தை ஒன்றின் மேல் நிறுத்தி அமைதிப்படுத்தப் பார்க்கின்றன. இங்கே மனம் அமைதியாவதே இல்லை. கணக்குப் போடுகிறது, எழுதுகிறது, தாவுகிறது, தலையசைவை நினைவில் வைத்துக்கொள்கிறது. அறிவை அணைப்பதற்குப் பதிலாக அதன் எல்லை வரை விரட்டுகிறார் அபுலாஃபியா. மைமோனிடெஸின் மாணவர் என்பது இங்கேதான் தெரிகிறது. முன்னோடிகளைத் தேடினால் ஜெர்மனி யூத பக்தர்களிடம் இருந்த எழுத்துக் கணக்கும், கிழக்கே சூஃபிகள் இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரும் இன்னும் பக்கத்தில் இருக்கின்றன.

செய்து பார்த்தவரின் சாட்சி

ஆசிரியர் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். இந்த வழக்கில் நம்மிடம் உள்ள மிக அரிய ஆவணம் ஒரு மாணவருடையது. 1295இல் எழுதப்பட்ட ‘ஷாஅரே ஸெதெக்’, ‘நீதியின் வாயில்கள்’ என்ற நூல். எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை, ஆசிரியரின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி அப்படியே அபுலாஃபியாவின் பயிற்சி.

அந்த மாணவர் முதலில் தத்துவம் படித்தவர். முஸ்லிம் துறவிகள் இறைவனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பரவசமடைவதையும் அறிந்திருந்தார். அப்புறம்தான் இந்த ஆசிரியரிடம் வந்தார். ஆசிரியர் ஒவ்வொரு முறையிலும் இரண்டு வாரம் அவரை அலையவிட்டார். நான்கு மாதம் போல இப்படி ஓடிய பிறகு, கற்றதையெல்லாம் மனத்திலிருந்து அழித்துவிடு என்றார். மகனே, எவ்வளவு உயர்ந்த வடிவமாக இருந்தாலும் ஒன்றில் நின்றுவிடுவது நோக்கமல்ல. பெயர்கள் எவ்வளவு புரியாமல் இருக்கின்றனவோ அவ்வளவு மேலானவை. உன் கட்டுப்பாட்டில் இல்லாத ஓர் ஆற்றலின் கட்டுப்பாட்டுக்குள் உன் அறிவும் எண்ணமும் வரும் வரை போக வேண்டும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

அப்படியானால் நீங்கள் ஏன் தத்துவத்தையும் திருப்பெயர்களையும் கலந்து புத்தகம் எழுதுகிறீர்கள் என்று மாணவர் கேட்கிறார். நல்ல கேள்வி. உன்னைப் போன்ற தத்துவம் படித்தவர்களை இந்தப் பக்கம் இழுக்கத்தான் என்கிறார் ஆசிரியர்.

இன்னும் இரண்டு மாதம் போகிறது. உடலுக்குள் ஏதோ புதிதாக நடப்பதாக மாணவருக்குத் தோன்றுகிறது. ஆசிரியரிடம் சொல்லாமல் மூன்று இரவுகள் தனியாக எழுத்துகளைச் சேர்க்கிறார். மூன்றாம் இரவு, நடுநிசிக்குப் பின், கையில் எழுதுகோலும் மடியில் தாளுமாகக் கண்ணயர்கிறார். மெழுகுவர்த்தி அணையப் போவது தெரிகிறது. சரிசெய்ய எழுகிறார். அப்போது பார்த்தால் வெளிச்சம் அப்படியே இருக்கிறது. உற்றுப் பார்க்கிறார். அது தன்னிடமிருந்தே வருகிறது. நம்ப முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். வீடு முழுக்க நடந்து பார்க்கிறார், வெளிச்சம் கூடவே வருகிறது. படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். உள்ளேயும் வெளிச்சம் இருக்கிறது.

போர்வைக்குள்ளேயும் போய்ச் சோதித்துப் பார்த்த அந்தச் செயல்தான் இந்த ஆவணத்தின் மேல் எனக்கு நம்பிக்கையைக் கொடுக்கிறது. அவர் கண்டதை உடனே கொண்டாடவில்லை. வெளிச்சத்தின் மூலம் எது என்று தத்துவ மாணவனுக்குரிய ஒழுங்கோடு ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்க்கிறார்.

பிறகு கடவுளின் பெரும் பெயரை எடுத்துக்கொண்ட இரவில் நிலைமை கடுமையாகிறது. எழுத்துகள் மலைகளைப் போல எழுகின்றன. உடல் நடுங்குகிறது, மயிர் கூச்செறிகிறது, வலுவிழந்து விழுகிறார். நெஞ்சிலிருந்து பேச்சு போன்ற ஒன்று கிளம்பி உதடுகளை வலுக்கட்டாயமாக அசைக்கிறது. இது பைத்தியத்தின் ஆவியோ என்று பயப்படுகிறார். ஆனால் அது பேசுவது அறிவாக இருக்கிறது. அப்படியென்றால் இது ஞானத்தின் ஆவிதான் என்று முடிவுக்கு வருகிறார்.

விழித்தெழுந்து ஆசிரியரிடம் ஓடுகிறார். நெஞ்சிலிருந்து கிளம்பும் இந்த ஆற்றலைத் தாங்குவதற்கு எனக்கு ஏதாவது வலுக் கொடுக்க முடியுமா என்று கெஞ்சுகிறார். பெரிய தொட்டியை நிரப்பும் ஊற்றைப் போல இருக்கிறது, தயாரில்லாதவன் மடையைத் திறந்தால் அதிலேயே மூழ்கிச் சாவான் என்கிறார். ஆசிரியரின் பதிலில் எந்தப் பூச்சும் இல்லை: மகனே, அந்த வலுவைக் கடவுள்தான் கொடுக்க வேண்டும், அது மனிதர் கையில் இல்லை.

தால்மூதில் நால்வர் பர்தேஸ் என்ற தோட்டத்துக்குள் நுழைந்த கதை உண்டு. பென் அஸ்ஸாய் பார்த்தார், செத்தார். பென் ஸோமா பார்த்தார், சித்தம் கலங்கினார். மூன்றாமவர் செடிகளை வெட்டினார், அதாவது நம்பிக்கையை விட்டார். ரப்பி அகிவா மட்டும் நலமாக உள்ளே போய் நலமாக வெளியே வந்தார். இந்த மாணவரின் தவிப்பைப் படிக்கும்போது, எழுந்து கொஞ்சம் சாப்பிடு என்ற குறிப்பு ஏன் எழுதப்பட்டது என்று புரிகிறது. போன வழியே திரும்பிவர ஒரு கயிறு வேண்டும்.

ஸொரியானோ கோட்டை வாசல்

1270களில் அபுலாஃபியா மறுபடி ஸ்பெயினை விட்டுக் கிளம்பினார். அதற்கு முன் மெதினசெலியில் ஜோசப் கிகதில்லாவுக்குப் பாடம் சொன்னார். கிகதில்லா பின்னாளில் பெரிய கபாலா ஆசிரியர் ஆனார். கிரேக்க ஊர்களில் சில ஆண்டுகள், பிறகு மறுபடி கபுவா. 1280இல், நாற்பதாம் வயதில், யூதப் புத்தாண்டுக்கு முன்பாகப் போப் மூன்றாம் நிக்கோலஸைச் சந்திக்கப் புறப்பட்டார்.

எதற்கு? இதற்குப் பின்னால் ஒரு பழைய வாதம் இருக்கிறது. 1263இல் பார்சலோனாவில் அரசர் முன்னிலையில் நடந்த பொது விவாதத்தில், யூதர் தரப்பில் பேசிய நஹ்மனிடெஸ், மெசியா கடவுளின் கட்டளையோடு போப்பிடம் போய்த் தன் மக்களை விடுவிக்கச் சொல்வார், அப்போதுதான் அவர் வந்துவிட்டார் என்று கொள்வோம் என்றார். மோசே பார்வோனிடம் போன மாதிரி. அபுலாஃபியா அந்த வாக்கியத்தைக் காலால் நடந்து நிறைவேற்றப் போனார் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

போப் அப்போது ரோமில் இல்லை. விட்டெர்போவுக்கு அருகே ஸொரியானோ கோட்டையில் இருந்தார். யூத சமயத்தின் பெயரால் பேச ரஸியேல் என்பவன் வந்தால் என் முன் கொண்டுவராதீர்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள் என்று ஆணை. உள்வாசலுக்குப் பின்னால் விறகும் தயார். அபுலாஃபியாவுக்குச் செய்தி கிடைத்தது. அவர் பொருட்படுத்தாமல் தனித்திருந்து, கண்ட காட்சிகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். வெளிவாசலில் நுழையும்போது ஆள் வந்து சொன்னான்: போப் இரவில் திடீரென்று இறந்துவிட்டார். ரோமுக்குத் திரும்பியவரைப் பிரான்சிஸ்கன் துறவிகள் பிடித்து 28 நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள்.

ஆதாரத்தை எடை போட வேண்டிய இடம் இது. மூன்றாம் நிக்கோலஸ் 1280 ஆகஸ்ட் 22 அன்று ஸொரியானோவில் இறந்தார் என்பது உறுதியான வரலாறு. ஆணை, விறகு, வாசலில் வந்த செய்தி எல்லாம் அபுலாஃபியாவின் சொந்த நூலிலிருந்து மட்டுமே நமக்கு வருகின்றன. அவர் அதைத் தெய்வத் தலையீடாகவே எழுதினார். அவர் போனார் என்பதை நம்புகிறேன். 28 நாள் என்ற வறண்ட எண்ணிக்கை கதை கட்டுகிறவனுக்குத் தேவைப்படாத விவரம்.

மெசியா என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விளக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அது மூன்றைக் குறிக்கும் என்றார்: செயலறிவை, நம்மை அடிமைத்தளையிலிருந்து மீட்க வரும் மனிதனை, ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கும் அறிவை. விளக்குகளை ஏற்றிய அறைக்குள் நடப்பதும் ஸொரியானோ வாசலில் நடப்பதும் அவருக்கு ஒரே விடுதலையின் இரண்டு முனைகள். இதைப் பிரிக்கத் தெரியாததுதான் அவர் பலம். கேடும் அதுவே.

பார்சலோனாவிலிருந்து வந்த கடிதம்

அங்கிருந்து அபுலாஃபியா சிசிலிக்குப் போனார். மெஸினாவில் மாணவர்கள் சேர்ந்தார்கள். அவர் வாழ்வின் செழிப்பான காலம் அதுதான். தீர்க்கதரிசி என்றும் மெசியா என்றும் தன்னை அறிவித்துக்கொள்கிறார் என்ற பேச்சு பரவியது. சிசிலி யூதர்கள் பார்சலோனாவுக்கு எழுதிக் கேட்டார்கள். அங்கே இருந்தவர் ரப்பி சாலமோன் இப்னு அத்ரெத், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய சட்ட அறிஞர்.

அவரை வறண்ட சட்டவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் நஹ்மனிடெஸின் மாணவர், கபாலாவில் ஊறியவர். மறைஞானத்துக்கு எதிரி அல்ல. ஆனாலும் அபுலாஃபியாவை மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தார். தான் அனுப்பிய கடிதங்களாலும் மற்றச் சமூகங்கள் எழுதிய கடிதங்களாலும் கதவை அடைக்காமல் விட்டிருந்தால், அந்த ஆள் பலரைக் கெடுத்திருப்பான் என்று பின்னர் ஒரு தீர்ப்புரையில் நினைவுகூர்ந்தார். அந்தத் தீர்ப்புரை உண்மையில் இன்னொருவரைப் பற்றியது. ஆவிலா நகரில் படிப்பறிவில்லாத ஒருவர் வானதூதர் சொல்லச் சொல்ல நூல் எழுதுவதாகக் கிளம்பிய விவகாரம் அது. ஞானி, வலிமையுள்ளவன், செல்வன் இவர்கள் மேல்தான் தீர்க்கதரிசனம் தங்கும் என்ற தால்மூத் வாக்கை இப்னு அத்ரெத் அங்கே எடுத்து நிறுத்துகிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கிறிஸ்தவ அரசர்களின் தயவில் வாழும் ஒரு சிறுபான்மைச் சமூகம். ஒருவர் மெசியா என்று கிளம்பினால், நம்பி வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். பொய்த்துப்போனால் மதம் மாறுகிறவர்கள் இருப்பார்கள். இதைத் தடுப்பது ஒரு தலைவரின் கடமை. இப்னு அத்ரெத் தன் கடமையைச் செய்தார்.

அபுலாஃபியாவின் பதில் பார்சலோனாவில் இருந்த பழைய மாணவர் யூதா ஸல்மோனுக்கு ஒரு கடிதமாகப் போயிற்று. தற்காப்போடு நிற்காமல் திருப்பித் தாக்கினார். கிறிஸ்தவர்கள் கடவுள் மூவர், மூவரும் ஒருவர் என்கிறார்கள். நம் கபாலாக்காரர்கள் சிலரோ கடவுள் பத்து, பத்தும் ஒன்று என்கிறார்கள் என்றார். பத்து ஸெஃபிரோத் என்ற, கடவுளின் பத்து வெளிப்பாடுகளைப் பற்றிய கோட்பாட்டை ஒரே அடியில் சாய்த்துவிட்டார். சமாதானத்துக்கு இடமே வைக்கவில்லை.

இந்த மோதலில் பரவசம் எங்கேயாவது குற்றமாக வந்ததா என்று பாருங்கள். காட்சிகள் கண்ட கபாலா அறிஞர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், அவர்கள் மதிப்போடு வாழ்ந்தார்கள். அவர்கள் கண்டதைப் பழைய ஆசான்களின் பெயரில் எழுதினார்கள், அல்லது நெருங்கியவர்களுக்கு மட்டும் சொன்னார்கள். அபுலாஃபியா இரண்டு தடைகளைத் தாண்டினார். தீர்க்கதரிசனம் இன்றைக்கும் உண்டு என்றார். அதற்கு ஒரு பாடப் புத்தகமும் எழுதிக் கையில் கொடுத்தார். படிக்கத் தெரிந்த எவனும் ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு தீர்க்கதரிசி ஆகலாம் என்றால், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? இப்னு அத்ரெத்தைக் கலங்கவைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

1280களின் நடுவில் அபுலாஃபியா மால்டாவுக்கும் கோஸோவுக்கும் இடையே உள்ள கொமினோ தீவுக்குப் போனார். நான்கு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத வெறும் பாறை நிலம். விரும்பி வரவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அங்கே 1288இல் ‘அடையாளத்தின் நூல்’ எழுதினார். அவருடைய தீர்க்கதரிசன நூல்களில் முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது அதுதான். 1291இல் இன்னொரு நூல். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தடயமும் இல்லை.

கையெழுத்திலேயே இருந்த முறை

இப்னு அத்ரெத் அடைத்த கதவு ஸ்பெயினில் அடைபட்டே கிடந்தது. ஆனால் கிழக்கே முறை பிழைத்துக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெருசலேமில் யூதா அல்பொத்தினி இதே பயிற்சியை ஒரு நூலாக எழுதினார். ஸஃபேத் நகரின் மோசே கொர்தொவெரோ தன் பெருநூலில் தலையசைவுப் பயிற்சியை எடுத்துச் சேர்த்துக்கொண்டார். எரிக்க விறகு அடுக்கிய திருச்சபையின் மண்ணிலேயே, 1486 வாக்கில், பிகோ தெல்லா மிராந்தோலா என்ற கிறிஸ்தவ அறிஞருக்காக அபுலாஃபியாவின் நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்பட்டன.

நம் காலத்தில் ஷோலெமும் அவருக்குப் பின் மோஷே இடெலும் அவரை முழுதாகப் படித்தார்கள். யூத மறைஞானி கடவுளை நெருங்குவான், கலந்துவிட மாட்டான் என்பது ஷோலெமின் கருத்து. அபுலாஃபியாவின் வரிகளையே எடுத்து வைத்து, கலத்தலும் அங்கே இருக்கிறது என்று இடெல் வாதாடினார். கைப்பிரதிகளைப் படித்தவர் என்ற முறையில் இடெலின் கை ஓங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

கொர்தொவெரோவுக்கு அடுத்த தலைமுறையில் ஸஃபேத்தின் ஹயீம் வித்தால் ‘பரிசுத்தத்தின் வாயில்கள்’ என்ற நூலை நான்கு பகுதிகளாக எழுதினார். முதல் மூன்று ஒழுக்கமும் தயாரிப்பும். நான்காவதில் செய்முறை வருகிறது. அபுலாஃபியாவின் நூலிலிருந்து நீண்ட மேற்கோள்கள் அதில் இருக்கின்றன. நூல் அச்சுக்குப் போனபோது மூன்று பகுதிகள் மட்டும் அச்சேறின. நான்காவது பகுதி முழுக்கத் திருப்பெயர்களும் மறைபொருள்களுமாக இருப்பதால் அதை அச்சிடுவது தகாது என்று அச்சிட்டவர் குறிப்பு எழுதி வைத்தார். வேண்டியவர்கள் அதைக் கையால் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெருசலேமில் அது அச்சாகும் வரை.